நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

"முழுசா படிச்சீங்களா, சவரிராயன்?"

"படிச்சேன் சாமி."

இந்த இரண்டு வரிகளும் பேசப்பட்டது எங்கள் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மரப்படிக்கட்டில். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். பதிப்பகத்தின் இயக்குநர் ஞானாதிக்கம் சாமி ஒரு கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார். மழைக்காலம். படியில் ஈரச் செருப்புத் தடங்கள். கீழே அச்சுக்கூடத்திலிருந்து மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி" என்றார். ஏறிப் போய்விட்டார்.

சென்ற வாரம் என் பள்ளிக்கூடக் குறும்புகளைப் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இருக்காது. நான் சொன்ன அந்த "படிச்சேன்" பொய். நாற்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத பொய். வருடா வருடம் பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், கோபப்பட்டது, பொறாமைப்பட்டது, பூசை விட்டது எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் "வேலை விஷயம்" என்று ஒதுக்கி வைத்துவிட்டேன்.

அந்தப் பதிப்பகம் எப்படிப்பட்ட இடம் என்று சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று புரியும்.

பதினாறு பக்க மாட்டு வைத்தியம்

பல்கலைக்கழகத்தைவிடப் பதிப்பகத்துக்கு வயது அதிகம். கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையில், கையால் இழுக்கும் அச்சு எந்திரம் ஒன்றோடு தொடங்கியதாகச் சொல்வார்கள். முதலில் செபப் புத்தகம், ஞானோபதேசம். பிறகு பள்ளிப் பாடம், அகராதி. கல்லூரி வந்து, கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமான பிறகு, ஆராய்ச்சி நூல்கள். வேறெங்கும் போக இடமில்லாத நூல்கள் என்று சொல்வதுதான் சரி. சில நூறு பிரதி அடிப்பார்கள். அது விற்றுத் தீரப் பல வருடம் ஆகும். கடைசிப் பிரதியைத் தேடி எங்கிருந்தோ ஒரு மாணவி ரயில் ஏறி வருவாள். அன்றைக்குப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் காப்பி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் பிரதி வந்தால் எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு இரண்டு வாசிப்பாளர்களுக்கு அனுப்புவார்கள். வாசிப்பவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாது. இது எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உள்ளதுதான். எங்கள் பதிப்பகத்தில் கூடுதலாக ஒன்று: வாசிப்பாளர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து முடித்ததும் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். 'இந்தப் பக்கத்தை நான் படித்தேன்' என்பதற்கு அந்தப் புள்ளிதான் கையெழுத்து. பென்சிலையும் அவர்களே கட்டோடு சேர்த்து அனுப்புவார்கள்.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரச் சாமியார்கள் காலத்தில், இறையியல் நூல் ஒன்றின் அச்சுப் படியை இரண்டு பெரிய பண்டிதர்கள் பார்த்து, "பிழையில்லை" என்று கையெழுத்திட்டு, புத்தகமும் வெளிவந்துவிட்டது. சில மாதம் கழித்து ஒரு மடத்திலிருந்து வயதான சிஸ்டர் ஒருவர் கடிதம் எழுதினார். 'மோட்சத்தைப் பற்றிய அத்தியாயத்தின் நடுவே கன்று ஈன்ற பசுவுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்க வேண்டும் என்று வருகிறது. அதற்கு ஏதேனும் உட்பொருள் உண்டா?' எடுத்துப் பார்த்தால், அதே நேரத்தில் அச்சாகிக்கொண்டிருந்த மாட்டு வைத்திய நூலின் பதினாறு பக்கங்கள் உள்ளே புகுந்திருக்கின்றன. இரண்டு பண்டிதர்களுமே நடுப்பக்கங்களைத் திறந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து புள்ளி. சேரும் ஒவ்வொரு வாசிப்பாளருக்கும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

காத்திருப்பு அலமாரி

ஞானாதிக்கம் சாமி ஒல்லியானவர். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை, உள்ளூர் ஏரித் தண்ணீரைப் பற்றிக் கிராமத்து ஆசிரியர் ஒருவர் எழுதிய நூல் வந்தது. அவர் இந்து, விவசாயக் குடும்பம். மதகை மாற்றிக் கட்டி, கீழூருக்குப் போக வேண்டிய தண்ணீரைப் பழைய காலத்தில் மிஷன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஆவணத்தோடு நிரூபித்திருந்தார்.

கூட்டத்தில் ஒரு மூத்த குரு கொதித்துப் போனார். "நம்ம பிரஸ்ல நம்மளையே திட்டறதா?"

"அவரு எழுதனது பொய்னா காட்டுங்க, நிறுத்திடறேன்" என்றார் சாமி. "நெசம்னா, அத நாம போடாம வேற யாரு போடுவா?"

புத்தகம் வந்தது. கீழூர்க்காரர்கள் வண்டி பிடித்து வந்து வாங்கிப் போனார்கள். அன்று வாசலில் நின்று அதைப் பார்த்தபோது, இப்படிப்பட்ட இடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுக்கப்பட்ட நூல்களையும் அங்கே தூக்கிப் போடமாட்டார்கள். எழுதியவர், வாசிப்பாளருக்கு ஒன்றாக, இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். மறுத்தால் ஒன்று அவருக்குத் திரும்பும். இன்னொன்று மாடிக் கூடத்தின் கோடியில் உள்ள தேக்கு அலமாரிக்குப் போகும். 'காத்திருப்பு அலமாரி' என்று பெயர். திறந்தால் காய்ந்த வேப்பிலையும் நாப்தலீன் உருண்டையும் மணக்கும். மழை முடிந்ததும் எல்லாக் கட்டுகளையும் எடுத்து, தூசி தட்டி, வெயில் காட்டித் திரும்ப வைப்பார்கள். வருடம் தவறாமல். 'வேண்டாம்' என்று சொன்னதை இத்தனை பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் செய்தது

எனக்கு வந்த கட்டு நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். தட்டச்சுப் பிரதி. நம் கரையோரக் கிராமங்களை அடித்த புயல்களின் வரலாறு. கோவில்களின் அடக்கப் பதிவேடுகளையும், மீனவக் குடும்பங்கள் நினைவில் வைத்திருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதியது.

பெயரை எடுத்திருந்தார்கள். ஆனால் யாருடையது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கரையோரப் பள்ளி ஒன்றின் ஆரம்ப வகுப்பு ஆசிரியை பிலோமினா டீச்சர், லீவு விட்டால் சைக்கிளில் கோவில் கோவிலாகப் போய்ப் பதிவேடுகளைக் காப்பி எடுக்கிறார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீராம்பட்டினத்து மீனவர்கள்கூட, "புயல் டீச்சர் வர்றாங்கடா, காத்து மாறப் போவுது" என்று கேலி செய்வார்கள்.

நான் அப்போது கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளன். டாக்டர் பட்டம் வாங்கியவன். கரையோரப் பங்குகளின், அதாவது கோவில் வட்டாரங்களின், வரலாற்றைப் பற்றிய என் நூல் அதே பதிப்பகத்தில் அச்சுக்குக் காத்திருந்தது. அதில் புயல்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

நாற்பது பக்கம் படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை. இது முதலில் வந்தால் என் நூல் என்ன ஆகும் என்று தோன்றியது. நாற்பத்தோராவது பக்கத்தில் நிறுத்தினேன்.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பென்சிலை எடுத்தேன். மீதி எல்லாப் பக்கங்களிலும் புள்ளி வைத்தேன். வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அறிக்கையில் நான்கு வரி எழுதினேன்: 'ஆசிரியருக்கு ஆய்வுப் பயிற்சி இல்லை. வாய்மொழிச் செய்திகள் நம்பத்தக்கவை அல்ல. வெளியிடப் பரிந்துரைக்க இயலவில்லை.' நாலாவது வரி என் கையெழுத்து.

இன்னொரு வாசிப்பாளர் 'வெளியிடலாம்' என்று எழுதியிருந்தாராம். ஆனால் இரண்டு பேரும் சொன்னால்தான் நூல் அச்சுக்குப் போகும். அலுவலகத்திலிருந்து டீச்சருக்கு வருத்தக் கடிதம் போனது. அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் படிக்கட்டும், அந்தக் கேள்வியும்.

அடுத்த வருடம் என் புத்தகம் வந்தது. மாலை போட்டார்கள். சாமி அதற்கு முன்பே மலைப்பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே இறந்தும் போனார்.

கட்டு திரும்பி வந்த நாள்

இந்த வருடம், பொங்கல் கழிந்து சில நாட்கள். பதிப்பகத்தின் இப்போதைய இயக்குநர் சிஸ்டர் ரெஜினா போன் செய்தார். அலமாரியில் உள்ளதையெல்லாம் ஸ்கேன் எடுத்து, தகுதியானதை மறுபடி வாசிப்புக்கு அனுப்புகிறார்களாம்.

"கரையோர வரலாறுன்னா உங்கள விட்டா யாரு இருக்கா சார்? ஒரு கட்டு அனுப்பறேன். ஆனா ஒரு விஷயம் புரியல. மேல ஒரு சீட்டு குத்தியிருக்கு, 'இன்னும் வாசிக்கப்படவில்லை'ன்னு. பழைய டைரக்டர் ஞானாதிக்கம் சாமி கையெழுத்து. உள்ள பாத்தா எல்லாப் பக்கத்துலயும் புள்ளி இருக்கு. படிக்காம எப்பிடி சார் புள்ளி வரும்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"அனுப்புங்க சிஸ்டர்" என்றேன்.

மறுநாள் ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கட்டைப் பிரித்ததும் வேப்பிலை வாடை. பழுப்பேறிய தாள்களை ஒரு பூச்சிகூடத் தொட்டிருக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் என் புள்ளி. முதல் நாற்பது அழுத்தமாக. மற்றவை ஓட்டத்தில் வைத்தவை, லேசாக வால் இழுத்தபடி.

இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

இந்த முறை படித்தேன். மூன்று நாள். சாப்பாட்டுக்கு மருமகள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. புயலுக்குப் புயல், குப்பத்துக்குக் குப்பம், ஒரு பெயர் விடாமல் அந்த அம்மாள் எழுதியிருந்தார். பதிவேட்டில் 'நீரில் மூழ்கி' என்று இரண்டே சொல்லாக இருந்தவர்களுக்கு, அன்று அவர்கள் எந்தப் படகில் போனார்கள், யார் கரையில் நின்று கூப்பிட்டார்கள் என்பது வரை. என் அரைப் பக்கம் நினைவுக்கு வந்தது.

இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில், தட்டச்சு வரிகளுக்குக் கீழே, பேனாவால் இப்படி எழுதியிருந்தது:

'இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஐயாவுக்கு. மாதாகுப்பத்துப் புயலில் இறந்ததாக அடக்கப் பதிவேட்டில் பதினொரு பெயர்கள் உள்ளன. ஆனால் பன்னிரண்டு குழி வெட்டியதாக உபதேசியார் குறிப்பு சொல்கிறது. பன்னிரண்டாவது ஆள் யார் என்று ஆறு வருடமாகத் தேடுகிறேன். உங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இருந்தால் தயவுசெய்து கேட்டு ஓரத்தில் எழுதவும்.'

ஓரம் காலி. கீழ் மூலையில் என் புள்ளி.

இதைப் பார்த்துத்தான் சாமிக்குத் தெரிந்திருக்கும். படித்தவன் 'தெரியாது' என்றாவது எழுதியிருப்பான். அதனால்தான் படிக்கட்டில் கேட்டார். நான் பொய் சொன்னேன். வாசிப்பாளர் சொல்லைச் சந்தேகிப்பதில்லை என்பது அந்தப் பதிப்பகத்தின் அடிப்படை. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பொய்யை ஏற்கவும் இல்லை. 'மறுக்கப்பட்டது' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இன்னும் வாசிக்கப்படவில்லை' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். நானே வந்து சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. அந்தப் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கோபமும் வருகிறது. எனக்காகக் காத்திருந்தீர்களே சாமி, அந்த அம்மாள் என்ன பாவம் செய்தார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதாகுப்பம் வீராம்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த சின்னக் குப்பம். என் அம்மா பிறந்த ஊர். அந்தப் புயலின்போது அம்மா சிறுமி. பின்னாளில் கிழக்கே வானம் கறுத்தாலே அம்மா, மாதா படத்துக்கு முன் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, "பன்னெண்டு பேருக்கும்" என்று சொல்லிச் சிலுவை போடுவார்கள். என் சிறு வயது முழுக்க அந்தப் 'பன்னெண்டை'க் கேட்டிருக்கிறேன்.

நான் வானொலி கேட்டபடி புள்ளி வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா பக்கத்து அறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார்கள்.

பதிப்பகத்தில்

கட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். அதே மரப்படி. இப்போது கைப்பிடி இல்லாமல் ஏற முடியவில்லை.

"சிஸ்டர், அந்தப் புள்ளியெல்லாம் நான் வச்சது. படிக்காம வச்சது."

சிஸ்டர் ரெஜினாவுக்கு என் பேரப்பிள்ளைகளைவிடச் சற்றுத்தான் வயது கூட இருக்கும். என் கையிலிருந்த கட்டை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"உங்க புக்க நாங்க பாடமா வச்சிருக்கோம் சார்" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாசிப்பாளர் பதிவேட்டை எடுத்து, என் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். இந்தக் கட்டுக்கு வேறு இரண்டு பேரை நியமிப்பதாகச் சொன்னார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. வாசிப்பாளர் யார் என்று எழுதியவருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஒரு தடவை மீற அனுமதி வேண்டும்.

"பேரு அடிச்சாச்சு சார்" என்றார் சிஸ்டர். "இனிமே நீங்க எங்க வாசிப்பாளர் இல்ல. அந்த விதி உங்களுக்குக் கெடையாது." ஸ்கேன் எடுத்து முடித்த மூலப் பிரதியை என்னிடமே கொடுத்தார். "அவங்க கிட்ட காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாங்க."

லாஸ்பேட்டையில்

பிலோமினா டீச்சர் லாஸ்பேட்டையில் தம்பி மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது. காது கூர்மை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி, 'ஐயா' என்பதற்கு அவருக்கு இன்னும் 'முசே'தான்.

"யாரு, முசே சவரிராயனா? டாக்டர் வூட்டுக்கு வர்ற அளவுக்கு எனக்கு இன்னா சீக்கு?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். பொறாமை, நாற்பது பக்கம், புள்ளிகள், நாலு வரி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. தம்பி மகள் கொண்டு வந்த காப்பியை எனக்குக் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"நானு யாரோ பெரிய பிரெஞ்சு புரொபசர்னு நெனச்சிருந்தேன்" என்றார். "அவ்ளோ பெரிய ஆளே வேணான்னுட்டாருன்னா, நம்மளுது சரியில்லன்னு வுட்டுட்டேன். என் காப்பி ஒரு மழைல கூரை ஒழுவிப் போச்சு. புயல் புஸ்தகத்த மழை தின்னுச்சு. கடைசில பாத்தா, நீ!"

"இது பத்திரமா இருக்கு டீச்சர்." கட்டை அவர் மடியில் வைத்தேன்.

விரலால் தாள்களின் விளிம்பைத் தடவினார். வெகுநேரம் தடவினார். முகர்ந்து பார்த்தார். "வேப்பெல போட்டு வச்சிருக்கானுங்க" என்றார். குரல் உடைந்தது அப்போதுதான்.

இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா ஏற்றிய மெழுகுவத்தியைச் சொன்னேன். எனக்கு நினைவிருப்பதையும் சொன்னேன்: அந்தப் பன்னிரண்டாவது ஆள் ஒரு வளையல்காரர். புயலுக்கு முதல் நாள் குப்பத்துக்கு வந்து, அம்மாவுக்கு நீலக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வளையக்காரரா? அப்ப நம்ம வேதக்காரர் இல்ல. அதான்! அதான் பதிவேட்டுல பேரு ஏறல. ஞானஸ்நானம் வாங்காத ஆளு. ஆனா குழி மட்டும் சேத்து வெட்டிட்டாங்க. பன்னெண்டு பேரையும் ஒண்ணாப் பொதச்சிருக்காங்க சவரி! நானு பதிவேட்டையே தேடிக்கினு இருந்தேன் பாரு."

எண்பத்தாறு வயதில் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அவமானம் கூட எனக்கு ஒரு நிமிடம் மறந்துபோனது.

"பேரு?" என்றார்.

"ஞாபகம் இல்ல டீச்சர்."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பேரச் சொல்லித்தான் பேசுவாங்க."

"நானு எழுதிக் கேட்டப்ப உங்கம்மா உசுரோட இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல" என்றார். "படி. மொதப் பக்கத்துலேர்ந்து. சத்தமா."

முதல் பக்கத்தைப் படித்தேன். முடிந்ததும் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கீழ் மூலையைத் தேய்க்கப் போனேன்.

"இன்னா தேய்க்கற?"

"பழைய புள்ளிய அழிக்கிறேன் டீச்சர். படிச்சுட்டுப் புதுசா வைக்கலாம்னு."

"அழிக்காத. பக்கத்துல இன்னொண்ணு வை. அழிச்சுட்டா நீ பண்ணது யாருக்கும் தெரியாமப் பூடும். நானு வரலாறு எழுதறவ."

செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். இதை எழுதும் நாளில் நூற்று எழுபதாவது பக்கத்தைத் தாண்டியிருக்கிறோம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு புள்ளிகள். புதிய வாசிப்பாளர்கள் இருவரில் ஒருவர் 'வெளியிடலாம்' என்று எழுதிவிட்டதாக சிஸ்டர் சொன்னார். இன்னொருவருக்காகக் காத்திருக்கிறோம்.

இருநூற்றுப் பதின்மூன்றுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள், இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களிடம் அவர் கேட்டதையே நான் கேட்கிறேன். நம் பகுதியில் வளையல் விற்ற குடும்பம் ஏதேனும் உங்களுக்குத் தெரியுமா? நம் அம்மாக்களின் சிறு வயதில், கரையோரக் குப்பங்களுக்கு வளையல் கொண்டு போய், ஒரு புயலுக்குப் பிறகு வீடு திரும்பாதவர் ஒருவர் அந்தக் குடும்பத்தில் உண்டா? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்து அறையில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எழுந்து போய்க் கேளுங்கள்.

பக்கத்தின் ஓரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.